அட்டையில் இருக்கும் தென்னாற்காடு

விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ படிச்சவங்களா நீங்க? பழைய வகுப்புப் படம் இன்னும் பத்திரமா இருக்கா?

தடிமனான அட்டையில ஒட்டின கருப்பு வெள்ளைப் படம். நடுவுல நாற்காலியில ஆசிரியர்கள், கீழே சம்மணம் போட்ட வாண்டுகள். அந்த அட்டையில மாவட்டத்தின் பேர் இருந்தா, கொஞ்சம் பாருங்க. ‘தென்னாற்காடு’ன்னு இருக்கா? அப்போ அது அநேகமா 1993-க்கு முந்தின படம். அந்த வருஷம் செப்டம்பர் கடைசியிலதான் தென்னாற்காட்டைப் பிரிச்சு, விழுப்புரம் தனி மாவட்டமாச்சு. அதுவரைக்கும் கலெக்டரைப் பார்க்கணும்னா கடலூருக்குத்தான் பஸ் ஏறணும்.

படத்துக்குப் பின்னாடி பேரெல்லாம் எழுதியிருக்கா? இல்லேன்னா, கூடப் படிச்சவங்களுக்கு இன்னிக்கே போன் போட்டுக் கேட்டு, பென்சிலால மெதுவா எழுதி வைங்க. கடைசி வரிசையில பாதி முகம் மறைஞ்சு நிக்கிறவர் பேரையும்தான்!