ஆறாத வாய்ப்புண்ணும் மாறிய குரலும்: தலை, கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிதல்

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் ஒருசேரத் தலை, கழுத்துப் புற்றுநோய் எனப்படுகின்றன. இவற்றுள் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். இதன் தொடக்க அடையாளங்களைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தாலே போதும். அவ்வாறிருந்தும் நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். தொடக்கத்தில் வலி இல்லாததே இதற்கு முதன்மையான காரணம்.

திருப்பூர்ப் பகுதியில் மற்றொரு காரணமும் உண்டு. குரல் கம்மினால் பஞ்சுத் தூசி, தொண்டை கரகரத்தால் சாயப்பட்டறை நெடி, வாய் எரிந்தால் உடற்சூடு என்று ஒவ்வோர் அறிகுறிக்கும் இங்கு ஒரு விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஜவுளி உற்பத்திப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்க பிரிவில் 1990-இல் சேர்த்தது. நெசவாளரிடையே காணப்பட்ட மூக்குப் புற்றுநோயும் அதற்கான அடிப்படைகளுள் ஒன்று. ஆகவே தூசி பறக்கும் இடங்களில் முகக்கவசம் அணிவது நன்று. ஆனால் புகையிலையையும் பாக்கையும் அதே முகமை ஐயத்திற்கு இடமில்லாத முதற்பிரிவில் வைத்துள்ளது. தூசியால் நேரும் கேட்டைவிட, தூசியின்மீது பழியைப் போட்டுக் கடத்தும் மாதங்களே இங்கு அதிகக் கேடு செய்கின்றன என்பது என் கருத்து.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, உதட்டினுள் ஒதுக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலங்கள் ஆகிய அனைத்தும் தீங்கானவை. புகையிலைப் பழக்கத்துடன் மதுவும் சேரும்போது ஆபத்து பல மடங்கு பெருகுகிறது. புகையிலை கலந்த குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை விதித்தது. எனினும் இரவுப்பணியில் தூக்கம் வராமலிருக்கவும், ஓவர்டைம் வேலையில் பசி தெரியாமலிருக்கவும் இவற்றை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. பொருளை வைக்கும் அதே கன்னத்தில், அதே ஈற்றோரத்தில்தான் புண் பெரும்பாலும் தோன்றுகிறது.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு தீங்கற்றது என்று பலர், குறிப்பாகப் பெண்கள், நம்புகின்றனர். இது தவறு. பாக்கைத் தொடர்ந்து மெல்வோருக்குக் கன்னத்தின் உட்தசை நார்போல இறுகி, வாய் சிறிது சிறிதாகத் திறக்க இயலாமற் போகிறது. காரம் பட்டால் எரிகிறது. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையெனில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த இறுக்கம் பாக்கை நிறுத்திய பின்னும் பெரும்பாலும் முழுமையாக நீங்குவதில்லை. இவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் உண்டாகிறது.

இப்பழக்கங்கள் எதுவும் இல்லாதவருக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றினால் தொண்டையில், குறிப்பாக டான்சில் பகுதியில், புற்றுநோய் வரலாம்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண், துடைத்தாலும் நீங்காத வெள்ளைப் படலம், காரணமின்றி ஆடும் பல், பல் பிடுங்கிய பின் ஆறாத குழி ஆகியவை வாயில் தெரியும் அடையாளங்கள். சிவந்த படலம் வெள்ளைப் படலத்தைவிட ஆபத்தானது. வலியில்லை என்று அதனை விட்டுவிடக் கூடாது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் மாற்றம், கழுத்தில் வலியற்ற கட்டி, விழுங்குவதில் தடை, காதில் குறையேதும் இல்லாமல் ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, ஒரு பக்க மூக்கடைப்புடன் இரத்தக்கசிவு ஆகியவையும் காட்டப்பட வேண்டியவையே. குரல் நாணில் தோன்றும் புற்றுநோய் மிகச் சிறியதாக இருக்கும்போதே குரலை மாற்றிவிடும். அந்த நிலையில் வந்தால் கதிரியக்கச் சிகிச்சை மட்டுமே கொண்டு, குரலையும் காத்து, பெரும்பாலோரைக் குணப்படுத்த இயலும்.

மாதம் ஒருமுறை வாயைக் கொப்பளித்து, செயற்கைப் பல் இருப்பின் கழற்றி, கண்ணாடி முன் நின்று உதடு, கன்னங்கள், ஈறு, மேலண்ணம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். முதியோருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம். இவ்வளவு எளிய சோதனையால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்குக் கேரளத்திலிருந்து சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று மக்களின் வாயைப் பார்த்தனர். புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் அதன் முடிவு வெளியாயிற்று.

சந்தேகம் எழுந்தபின்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம். மருத்துவர் சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று அஞ்சிப் பலர் இந்தக் கட்டத்தில் திரும்பிச் சென்றுவிடுகின்றனர். இப்பரிசோதனையால் நோய் பரவுவதில்லை. இதுவின்றிச் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் இயலாது.

ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்னும் கவலை நியாயமானதே. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது சிறு தொகையன்று. பனியன் நிறுவனத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: புற்றுநோய்க்கு மருத்துவச் செலவு மட்டுமன்றி, நீட்டித்த நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழியுண்டு. இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுப் பணியில் இருந்திருக்க வேண்டும். சந்தா செலுத்திய நாட்களும் கணக்கில் கொள்ளப்படும். ஈ.எஸ்.ஐ. இல்லாத குடும்பங்களுள் தகுதியுடையோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.