அருகருகே பறக்கும் விமானங்கள் ஏன் மோதுகின்றன?

2015 மார்ச் 15. லங்காவியில் லிமா கண்காட்சி தொடங்க இரண்டு நாள்களே இருந்தன. இந்தோனேசிய விமானப் படையின் 'ஜூப்பிட்டர்' சாகசக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. ஒன்று குடியிருப்புப் பகுதியில் விழுந்து ஒரு வீட்டைச் சேதப்படுத்தியது. நல்ல வேளையாக, விமானங்களில் இருந்த நால்வரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள்.

அவை தென்கொரியத் தயாரிப்பான கேடி-1 ரகப் பயிற்சி விமானங்கள். ஜெட் அல்ல, முன்னால் விசிறி சுழலும் வகை. ஆனால் ஜெட் பயிற்சி விமானங்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு அருகே எலஹங்காவில், இந்தியாவின் 'சூரிய கிரண்' குழுவின் இரண்டு ஹாக் ஜெட்கள் ஒத்திகையில் மோதின. மூன்று விமானிகளில் ஒருவர் இறந்தார்.

ஏன் மோதுகின்றன என்று வகுப்பில் கேட்டால், "வேகம், டீச்சர்!" என்று உடனே பதில் வரும். எந்த வேகம் என்பதுதான் கேள்வி.

நெடுஞ்சாலையில் உங்கள் பேருந்தும் பக்கத்துப் பேருந்தும் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரே திசையில் போகின்றன. பக்கத்துப் பேருந்தின் ஜன்னலில் இருப்பவர் உங்களுக்கு அசையாமல் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவார். உங்கள் இருவருக்கும் இடையிலான சார்பு வேகம் சுழியம். அணிவகுப்பில் பறக்கும் விமானங்களும் அப்படித்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இரண்டு விமானங்களும் விநாடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. இறக்கை நுனிகளுக்கு நடுவே 5 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் திசை மட்டும் 2 பாகை உள்பக்கம் திரும்புகிறது. சைன் 2° சுமார் 0.035. அதை 100ஆல் பெருக்கினால், பக்கவாட்டு வேகம் விநாடிக்கு 3.5 மீட்டர். நீங்கள் ஓடும் வேகத்தைவிட அதிகமில்லை! ஆனால் 5 மீட்டரை 3.5ஆல் வகுத்துப் பாருங்கள். 1.4 விநாடியில் இடைவெளி தீர்ந்துவிடும்.

அந்த 1.4 விநாடிக்குள் கண் பார்க்க வேண்டும், மூளை முடிவெடுக்க வேண்டும், கை அசைய வேண்டும். இதற்கே அரை விநாடிக்கு மேல் போய்விடும். பிறகு விமானம் சாய்ந்து திரும்ப வேண்டும். அதற்கு நிலைமம் உண்டு. சைக்கிள் மாதிரி சட்டென ஒடிக்க முடியாது.

அதனால் அணியில் பறப்பவர் முன்னால் பார்ப்பதில்லை. தலைவரின் விமானத்தையே பார்க்கிறார். அதன் இறக்கை நுனியும் உடலில் உள்ள ஓர் அடையாளமும் தம் கண்ணுக்கு ஒரே கோட்டில் தெரியும்படி இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். கோடு சற்றே பிசகினாலும் உடனே திருத்துகிறார். இந்த 2 பாகை பெரிதாக வளர விடுவதே இல்லை. ஆபத்து எப்போது? தலைவரின் விமானம் பார்வையிலிருந்து மறையும்போது. சூரியன் கண்ணைக் கூசச் செய்யலாம். தம் விமானத்தின் மூக்கோ இறக்கையோ மறைக்கலாம். அந்த நொடியில் ஊகித்துப் பறக்கக் கூடாது. வானொலியில் சொல்லிவிட்டு, தலைவர் கடைசியாகத் தெரிந்த இடத்திற்கு எதிர்ப்பக்கமாக விலக வேண்டும்.

அதையும் மீறி மோதிவிட்டால் மிஞ்சுவது வெளியேற்று இருக்கைதான். பிடியை இழுத்ததும் வெடிமருந்தும் ராக்கெட்டும் இருக்கையை மேலே தள்ளும். புவியீர்ப்பைப் போல் 12 மடங்கு அல்லது அதற்கும் மேலான விசை உடலை அழுத்தும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மடங்கு என்றால் 720 கிலோ; ஏறக்குறைய ஒரு பெரோடுவா கஞ்சில் கார். மெதுவாகத் தள்ளினால் உடலுக்கு நல்லதுதான், ஆனால் பாராசூட் விரியப் போதிய உயரமும் நேரமும் கிடைக்காது. அந்த விசையின் பெரும்பகுதியைத் தாங்குவது முதுகெலும்பு. ஆகவே, உயிர் தப்பித் தரையிறங்கிய விமானி தானாக எழுந்து நடந்தாலும், மருத்துவர்கள் முதலில் அவரது முதுகெலும்பைத்தான் படம் எடுத்துப் பார்ப்பார்கள்.