கொம்பைக் கிழித்துப் பாருங்கள்: ஆனைக்கொம்பனுக்கு உள்ளேயே ஒரு எதிரி

நல்லவாடு, பாகூர் பக்கம் சம்பா தூர் கட்டும் நேரத்தில் வயலில் இறங்கினால், சில குத்துகளில் நடுக்குருத்து மட்டும் வெங்காயத் தாள் மாதிரி உருண்டு வெளிறி நிற்கும். இலை விரியாது. அந்தத் தூரில் கதிரும் வராது. பெரியவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், "ஆனைக்கொம்பன் வந்துட்டான்" என்று. இயற்கை விவசாயத்துக்கு மாறி முதல் போகம், இரண்டாம் போகம் பண்ணுகிறவருக்கு இந்த இடத்தில்தான் மனசு தடுமாறும். இந்த ஒரு தடவை மட்டும் மருந்து போட்டுவிடலாமா?

அந்த முடிவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பத்து கொம்புகளைப் பிடுங்கி, நகத்தால் கிழித்து உள்ளே பாருங்கள். ஏன் என்று சொல்கிறோம்.

கொம்பு எப்படி உருவாகுது?

ஆனைக்கொம்பன் ஈ கொசு அளவுதான் இருக்கும். ராத்திரியில் பறந்து வந்து நெல் இலையில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு, இலையில் இருக்கும் பனி ஈரத்திலும் தூறல் ஈரத்திலும் ஊர்ந்து இலையுறைக்குள் இறங்கிக் குருத்தின் அடிக்குப் போய்விடும். மேகமூட்டமும் தூறலும் தொடரும்போது தாக்குதல் கூடுவது இதனால்தான். அங்கே புழு தின்னத் தொடங்கியதும், அதன் எச்சிலால் பயிரின் வளர்ச்சியே திசைமாறி, இலையாக விரிய வேண்டியது குழலாக நீளும். அந்தக் குழல்தான் கொம்பு. புழுவுக்கு அது வீடும் ஆச்சு, கோட்டையும் ஆச்சு.

மேலே தெளிப்பது எதுவும் இந்தக் கோட்டைக்குள் எட்டாது. வேர் வழியாக ஏறும் குருணை மருந்து எட்டும். ஆனால் அது புழுவைக் கொல்லும்போது புழுவுக்குள் இருக்கும் நம்ம ஆளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

நம்ம ஆள் யார்?

பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்ற கருப்புக் குளவி. குளவி என்றதும் கொட்டுகிற பெரிய குளவியை நினைக்க வேண்டாம். எள்ளைவிடச் சின்னது, ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கொம்பு உருவான பிறகு இது துளைபோட்டு நுழைவதில்லை. ஈ இலையில் வைத்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடுகிறது. புழு பொரிந்து குருத்துக்குள் இறங்கும்போது எதிரியையும் வயிற்றில் சுமந்துகொண்டே இறங்குகிறது. குளவியின் ஒரு முட்டை உள்ளேயே பலவாகப் பிரிந்து வளரும். கடைசியில் புழு செத்து, ஒரே புழுவிலிருந்து பத்துக்கணக்கான குளவிகள் வெளியே வரும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். குளவி புகுந்த புழுவும் கொம்பை உண்டாக்கிவிடும். அந்தத் தூர் போனது போனதுதான். குளவியின் பலன் அடுத்த தலைமுறை ஈக்கள் குறைவதில்தான் தெரியும். பருவத் தொடக்கத்தில் ஈ முந்திக்கொள்ளும், குளவி பின்னாலேயே பெருகி வரும். பதறாமல் இருக்க வேண்டியது இந்த இடைவெளியில்தான். இளம்பயிராக இருந்தால் பக்கத்தில் புதுத் தூர் வெடித்து ஓரளவு ஈடுகட்டும்.

எதிரி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அதை நம்ம பக்கத்து மாவட்டமே பார்த்தது. தைலமரத்தின் இலைநரம்பிலும் காம்பிலும் முடிச்சு உண்டாக்கும் லெப்டோசைபி இன்வேசா என்ற பூச்சி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. இந்தியாவில் இது முதலில் தென்பட்ட இடங்களில் கர்நாடகத்தின் மண்டியாவும் நம்ம விழுப்புரம் மாவட்டமும் உண்டு. இங்கே தடுக்க ஆள் இல்லாததால் நாற்றங்கால்களும் இளந்தோப்புகளும் பாழாயின. தைலமரம் நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. அது கற்றுக்கொடுத்த பாடம் நமக்கு வேண்டும்.

அங்கேயும் கைகொடுத்தது குளவிதான். 2008-ல் அறிவியல் பெயர் பெற்ற குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி என்ற ஒட்டுண்ணிக் குளவியை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி நிறுவனம் இஸ்ரேலிலிருந்து கொண்டுவந்து விட்டது. இன்னொரு குளவி யாரும் கொண்டுவராமலேயே தார்வாட் பக்கம் தைலமர முடிச்சுகளில் அகப்பட்டது. 2010-ல் அதற்கு மெகாஸ்டிக்மஸ் தார்வாடிகஸ் என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அதுவரை பெயர்கூட இல்லாத ஒரு பூச்சி நமக்காக வேலை செய்துகொண்டிருந்தது! நம்ம வயலிலும், வரப்போர மூங்கிலிலும் பெயர் வைக்கப்படாத இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரோ?

வயலில் என்ன செய்யலாம்?

கிழித்த கொம்புக்குள் வெள்ளையாக, நெளிகிற புழு இருந்தால் குளவி தொட்டதாகத் தெரியவில்லை. புழு பழுப்பாகி, உப்பி, உள்ளே சின்னச் சின்னக் கூடுகள் நெருக்கி இருந்தால் குளவி வேலை முடித்துவிட்டது. சந்தேகமா? கொம்புகளின் அடியில் ஈரப்பஞ்சு சுற்றி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். கொசு மாதிரி வந்தால் ஈ, கரும்புள்ளிகளாக வந்தால் குளவி.

குளவி இருக்கும் கொம்புகளைப் பிடுங்கி எரிக்காதீர்கள். நட்ட 10-ம் நாளில், 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் இப்படிப்பட்ட கொம்புகளை வயலில் வைக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்குச் சுமார் 400 கொம்பு ஆகும். முன்பட்டம் நட்டவர் வயலில் குளவி பிடித்திருந்தால், பின்பட்டக்காரர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நூறு தூருக்குப் பத்து கொம்பு என்பதுதான் பொருளாதாரச் சேத நிலை. அதற்குக் கீழே இருந்தால் கவனித்துக்கொண்டே இருந்தால் போதும்.

வரப்பை மொட்டையாகச் செதுக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டு வரகுப் புல்லில் வாழும் வேறொரு கொம்பு ஈ நெல்லுக்கு வராது. ஆனால் அதைத் தின்று பெருகும் குளவிகள் நெல்வயலுக்கும் வந்து உதவுகின்றன. வரப்பில் நிற்கும் புல் குளவிக்குச் சத்திரம் மாதிரி.

தழைச்சத்தை அளவோடு கொடுங்கள். வருஷா வருஷம் ஆனைக்கொம்பன் வரும் நிலமாக இருந்தால் அதைத் தாங்கும் ரகமாகப் பார்த்து நடுங்கள். அடுத்த முறை வெளிறிய குருத்தைப் பார்த்தால் மருந்துக்கடை நினைவு வரும் முன்னே, அந்தப் பத்து கொம்பைக் கிழித்துவிடுங்கள்.