சட்டைப் பையில் செல்லும் பேரேடு

கட்டை விரல் அளவேயுள்ள பென் டிரைவ் ஒன்றில் ஒரு சங்கத்தின் பல்லாண்டுப் பேரேடுகள் யாவும் அடங்கிவிடுகின்றன. அலமாரியைத் தூக்கிச் செல்லத் திருடனுக்கு நால்வர் துணை வேண்டும். இதனைத் தவறவிடவோ ஒரு கண அயர்வு போதும். அங்கத்தினர்களின் விலாசமும் கடன் பாக்கியும் பாங்குக் கணக்கு எண்ணும் இதில் ஏறிச் செல்லக்கூடுமாதலால், ஜப்பானில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

அமாகசாக்கி, ஒசாக்காவை அடுத்துள்ள தொழில் நகரம். 2022 ஜூன் மாதம், நகராட்சியின் உதவித்தொகைப் பணியில் ஈடுபட்டிருந்த ஒப்பந்த ஊழியர் ஒருவர், நகரவாசிகள் சுமார் 4,60,000 பேரின் விவரங்களைப் பென் டிரைவில் பதிந்துகொண்டு, பக்கத்துச் சுயிட்டா நகருக்குச் சென்றார். வேலை முடிந்ததும் பதிவை அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு சகாக்களுடன் மது அருந்தச் சென்றவர், திரும்பும் வழியில் வீதியிலேயே உறங்கிவிட்டார். விழித்தபோது பையைக் காணோம்!

அதிகாரிகள் பத்திரிகையாளர்களைக் கூட்டி மன்னிப்புக் கோரினர். பதிவுகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை என்று கூறியதோடு நிறுத்தியிருக்கலாம். கடவுச்சொல் எழுத்தும் எண்ணுமாக 13 இடங்கள் கொண்டது என்றும் சொல்லிவைத்தனர். ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயருக்கு 9, ஆண்டுக்கு 4, ஆக 13 என்று ஜனங்கள் உடனே கணக்கிட்டுக் கேலி செய்தனர். பூட்டிய பின் சாவியின் அடையாளத்தைப் பறைசாற்றுவாரும் உளர் போலும்! நல்ல வேளையாக, 24-ஆம் தேதி பை அகப்பட்டது.

லண்டனில் 2017-இல் நடந்தது வேறு. ஹீத்ரோ விமான நிலையத்தின் பென் டிரைவ் ஒன்றை வீதியில் கண்டெடுத்தவர், அதனை ஒரு நூலகத்துக் கம்ப்யூட்டரில் திறந்து படித்துவிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள், பூட்டு ஏதுமில்லை. மறு ஆண்டு நிர்வாகத்தினர் 1,20,000 பவுன் அபராதம் செலுத்த நேர்ந்தது.

மறைகுறியாக்கம் என்பது பதிவு முழுவதையும் ஒரு சாவியைக் கொண்டு பொருளற்ற குறிகளாக மாற்றிவிடுவது. சாவியின்றி அது எவருக்கும் பயன்படாது. விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லாக்கர் என்னும் வசதி உண்டு. வெராகிரிப்ட் இலவசமாகவே கிடைக்கிறது. கடவுச்சொல்லை மறந்தால் உரியவருக்கும் கதவு திறவாது. ஆகவே மீட்புச் சாவியைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பென் டிரைவிலேயே ஒட்டிவைப்பது மதியீனம்.

அழித்தல் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான முறையில் அழிக்கும்போது பொருளடக்கத்திலிருந்து பெயர் நீங்குகிறதேயன்றி, பக்கம் உடனே கிழிக்கப்படுவதில்லை. பிறர் அதனை மீட்டெடுத்தல் கூடும். முதலிலேயே பூட்டிவைத்திருந்தால் இக்கவலை பெரிதும் குறையும்.

ஆனால் பூட்டு, தொலைந்த கணக்கைத் திருப்பித் தராது. பென் டிரைவில் பதிவு நிற்பது நுண்ணிய மின்னூட்டத்தால். நெடுநாள் உபயோகமின்றிக் கிடந்தால் அது கசிந்துபோகவும் கூடும். எனவே அதனை எடுத்துச் செல்ல மட்டுமே பயன்படுத்தி, மூலப் பதிவை அலுவலகத்திலும், மறைகுறியாக்கிய நகல் ஒன்றை வேறொரு கட்டடத்திலும் வைத்து, மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து பார்த்துவருதல் வேண்டும்.