டீ.ஜே. லைட்டும் வலிப்பும்

கலியாண வீடு, திருவிழா என்று டீ.ஜே. லைட் போடும் நம் தோட்டத்து இளைஞர்களுக்காக இதை எழுதுகிறோம். லைட்டுகளை ஆட்டுவிக்கும் டி.எம்.எக்ஸ். முறை 1986இல் வந்தது. ஒரு லைனில் 512 சேனல். லயத்துக் காம்பராக்களுக்கு நம்பர் போடுவது போல ஒவ்வொரு லைட்டுக்கும் தொடக்க நம்பர் கொடுக்க வேண்டும். 7 சேனல் லைட் 1இல் தொடங்கினால் அடுத்தது 8இல் தொடங்கும். ஒரே நம்பர் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகவே எரியும்.

இது ஸ்ட்ரோப்புக்கு மிகவும் உதவும். பளிச் பளிச்சென்ற வெளிச்சம் சிலருக்கு வலிப்பை வரவைக்கும், அதிலும் பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும்தான் கூடுதல். செக்கனுக்கு 3 தடவைக்கு மேல் வெட்டாதபடி புரோகிராம் செய்யுங்கள். ஒரே ரக ஸ்ட்ரோப் இரண்டு இருந்தால் ஒரே நம்பரைக் கொடுங்கள். மாறி மாறி வெட்டினால் 3 என்பது 6 ஆகிவிடுமே! பாட்டுக்குத் தானாக வெட்டும் மோடில் விடவே வேண்டாம், வேகம் நம் கையில் இருக்காது. போடுமுன் மைக்கில் சொல்லிவிடுங்கள். வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போகட்டும்.