உஷார்! குதிரைக்குச் சத்து ஊசி போடப் போகிறீர்களா?

கையில் இருக்கும் சிரிஞ்சைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பந்தயத்துக்கு முன்னால் தெம்புக்கு ஓர் ஊசி, ஓடி வந்ததும் வாயில் எலக்ட்ரோலைட் என்கிற உப்புப் பசை. கேட்டால், “சத்துதானே சார், என்ன பண்ணிடும்?”

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் என்ன பண்ணியது தெரியுமா? வெலிங்டனில் போலோ ஆட வந்த லெச்சூசா கராக்காஸ் அணியின் குதிரைகள், வண்டியிலிருந்து இறங்கும்போதே தள்ளாடி விழுந்தன. மொத்தம் 21 குதிரைகள் செத்தன. போட்டது வைட்டமின் பி12, பொட்டாசியம், மக்னீசியம், செலினியம் சேர்ந்த சத்து ஊசிதான். மருந்தகத்தில் தனியாகக் கலந்து வாங்கியது. கலவையில் செலினியம் அளவு மீறிவிட்டது. ஊசி போடாத குதிரைகள் பிழைத்துக்கொண்டன. ஒரு குதிரைக்கு நாளெல்லாம் தேவைப்படும் செலினியமே சில மில்லிகிராம்தான். லேபிள் சரியில்லாத, யாரோ கலந்து கொடுத்த குப்பி என்றால் தொடவே தொடாதீர்கள்.

மருந்து சரியாகவே இருந்தாலும் போடும் இடம் தப்பினால் ஆபத்து. கழுத்துப் பள்ளத்தில் சிரை மேலாக ஓடுகிறது, மூளைக்குப் போகும் தமனி அதற்கு அடியில். கழுத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டும் மிக நெருக்கம். தமனியில் மருந்து இறங்கினால், ஊசியை உருவுவதற்குள் குதிரை வலிப்பு வந்து சாயும், பக்கத்தில் நிற்கிற ஆள் மேலேயே கூட. பால் போல் வெள்ளையாக இருக்கும் புரோக்கெய்ன் பென்சிலின் சதையில் மட்டும் போடுவது. ஊசி குத்தியதும் பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். துளி ரத்தம் தெரிந்தாலும் உருவிவிட வேண்டும். ரத்தக் குழாயில் போனால் குதிரை வெறிபிடித்துச் சுவரில் மோதும். வலிக்குப் போடும் ஃபினைல்பியூட்டசோன் இதற்கு நேர் எதிர்: சிரையை விட்டு வெளியே கசிந்தால் சதை அழுகும். இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. கால்நடை மருத்துவர் போடட்டும்.

சரி, எலக்ட்ரோலைட்? இங்கேதான் நல்ல மனசுக்காரர்களும் ஏமாறுகிறார்கள். நம் வியர்வையில் தண்ணீர் அதிகம், உப்பு கம்மி. குதிரையின் வியர்வையோ ரத்தத்துக்கு நிகரான உப்பு, சில சமயம் அதைவிடவும் அதிகம். கடும் வெயிலில் ஓடினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேலேயே கொட்டும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தின் உப்புச் செறிவு ஏறாது, தாகமும் எடுக்காது. வற்றிப்போன குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ‘தாகமில்லை போல’ என்று நினைத்துப் பசையை மட்டும் வாயில் பீய்ச்சினால், அந்த உப்பு உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வாந்தி எடுத்து வெளியேற்றக் குதிரையால் முடியாது.

ஆகவே, தண்ணீர் குடிக்காத குதிரைக்குப் பசை கூடாது. எப்போதும் இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புக் கரைசல். எது வேண்டுமோ அதைக் குடிக்கும். மாட்டுக்கு மூங்கில் கொட்டத்தில் ஊற்றுவது போலக் குதிரைக்குத் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். டிரிப்பை வேகமாகத் திறந்துவிடும் கம்பவுண்டர் வேலையும் வேண்டாம். பொட்டாசியம் வேகமாக இறங்கினால் இதயம் நின்றுபோகும்.

ஓடி வந்த குதிரை நலமா என்று பார்க்க, அதன் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். அரைமணி நேரம் நிழலில் நின்ற பிறகும் நாடி நிமிடத்துக்கு 64க்குக் கீழே இறங்கவில்லையா, சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் வருகிறதா? நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், நின்ற இடத்துக்கே டாக்டரை வரவழையுங்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காலிக் குப்பியைத் தூக்கி எறியாமல், போட்ட நேரத்தையும் அளவையும் அதன் மேலேயே எழுதி அவர் கையில் கொடுங்கள்.