வட்டத்துக்குள் வைத்த நோட்டு

எங்கள் தெருக் கோடி வீட்டு மாமி அமெரிக்காவுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். பிள்ளையைப் பற்றிச் சொன்னார்; பேரனின் மழலையைப் பற்றிச் சொன்னார்; நயாகராவைப் பற்றி இரண்டு மணி நேரம் சொன்னார். லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் போனதை மட்டும் மூச்சுவிடவில்லை. அப்பளம் இட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் வாய் தவறி வந்துவிட்டது.

"நூறு டாலர் போச்சுடி! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே போச்சு. மாமாவுக்கு இன்னும் தெரியாது."

மாமா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். காஸினோ என்று சொல்கிறார்களே, அந்தச் சூதாட்ட விடுதிக்குள் பிள்ளையோடு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். பிள்ளை காப்பி வாங்கப் போனார். எதிரே பச்சைத் துணி விரித்த மேஜை. ஒரு நாற்காலி காலி. மாமி கோடை விடுமுறையில் எங்கள் எல்லாரையும் ரம்மியில் தோற்கடிப்பவர். 21 ஆட்டத்தை முதல் நாள்தான் பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்தார். பத்துப் பதினைந்து டாலருக்கு ஆடிப் பார்ப்போமே என்று, பெண்ணுக்குக் கைக்கடிகாரம் வாங்க வைத்திருந்த நூறு டாலர் நோட்டை எடுத்துச் சீட்டுப் போடும் டீலரிடம் நீட்டினார்.

அவர் கை நீட்டி வாங்கவில்லை. மேஜையைக் காட்டினார். 'கீழே வைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது' என்று மாமி தமக்கு நேரே வரைந்திருந்த வட்டத்துக்குள் நோட்டை வைத்தார். டீலர் ஏதோ கேட்டார். மாமி நம் வழக்கப்படி தலையை ஆட்டினார். நம் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தம். அமெரிக்கருக்கு ஒரே அர்த்தம்தான். "மணி ப்ளேஸ்!" என்று உரக்கக் குரல் கொடுத்துவிட்டுச் சீட்டைப் போட்டுவிட்டார்.

மாமிக்கு வந்தது பத்தும் ஆறும். டீலருக்கு முன்னால் ஒரு பத்து. இன்னொரு சீட்டுக் கேட்டார், ராஜா வந்தது. இருபத்தாறு! நோட்டு போயிற்று. எட்டாயிரம் ரூபாய்க்கு மேல்!

"மணி ப்ளேஸ்" என்றால், 'பணமே ஆடுகிறது' என்று அர்த்தம். அந்த விடுதிகளில் பணத்தை வட்டத்துக்கு வெளியே வைத்தால், அதற்குச் சமமாகச் சில்லு கொடுப்பார்கள். வட்டத்துக்குள் வைத்தால், அந்த நோட்டு முழுவதுமே பந்தயம். இடையில் இருப்பது மெல்லிய ஒரு கோடு. ஜெயித்தால் பணமாகத் தரமாட்டார்கள், சில்லாகத்தான் தருவார்கள். தோற்றால் மேஜையில் ஒரு துவாரம் இருக்கிறது. தட்டையான ஒரு துடுப்பால் நோட்டை அதற்குள் தள்ளிவிடுகிறார்கள். கீழே பூட்டிய பெட்டி. அதன் சாவி டீலரிடம் இல்லை. பெட்டியைத் தனி அறையில் வேறு ஆட்கள் திறந்து எண்ணுகிறார்கள். கையில் நீட்டிய நோட்டை டீலர் வாங்காததற்கும் இதுதான் காரணம். கையிலிருந்து கைக்குப் போனால் கூரையிலிருக்கும் காமிராவுக்குத் தெரியாது. மேஜையை விட்டுப் போகும் டீலர் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகிறார். நம்பிக்கை என்பதை மட்டும் அங்கே யாரும் வைத்து ஆடுவதில்லை!

சில விடுதிகளில் ரொக்கப் பந்தயமே கிடையாது. சிலவற்றில் நூறு டாலர் நோட்டு மட்டும் செல்லும். அமெரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. பத்துக்கும் நூறுக்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. மடித்து வைத்தால் உள்ளே என்ன இருக்கிறதோ? சில்லில் அந்தக் கஷ்டம் இல்லை. நெவாடா மாநிலத்தில் பெரும்பாலும் சிவப்பு என்றால் ஐந்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு. (சிப்ஸ் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். மாமி முதலில் உருளைக்கிழங்கைத்தான் நினைத்துக்கொண்டாராம்.)

ஆனால் நான் அறிந்தவரை, விடுதிக்காரர்களுக்குச் சில்லின் மேல் உள்ள பிரியம் எண்ணும் சௌகரியத்தால் மட்டும் வந்ததல்ல. நோட்டைப் பார்த்தால் பால் கணக்கும் பள்ளிக்கூடச் சம்பளமும் ஞாபகம் வரும். சில்லைப் பார்த்தால் பாண்டி ஆடிய ஞாபகம்தான் வரும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1863-ல் திறந்த மான்டி கார்லோ விடுதியில், 1914-ம் வருஷப் போருக்கு முன் தங்கக் காசுகளையே மேஜையில் வைத்து ஆடினார்கள். நெவாடாவில் சூதாட்டம் 1931-ல் சட்டபூர்வமாயிற்று. அங்கே வெகுகாலம் அசல் வெள்ளி டாலர்கள் மேஜைகளில் புரண்டன. 1964-ல் வெள்ளி டாலருக்குப் பஞ்சம் வந்தது. அதன் பிறகுதான் விடுதிகள் தங்கள் பெயர் பொறித்த வில்லைகளைச் செய்துகொண்டன.

ரொக்கத்தை வைத்து ஆடுவதில் பெயர் பெற்றது லாஸ் வேகாஸில் பினியன் குடும்பத்தாரின் ஹார்ஸ்ஷூ விடுதி. பத்தாயிரம் டாலர் நோட்டுகள் நூறை, ஆக மொத்தம் பத்து லட்சம் டாலரை, குதிரை லாடச் சட்டத்தில் வைத்து வருவோர் போவோருக்குக் காட்டினவர்கள் அவர்கள். முதல் பந்தயம் எவ்வளவு பெரிதானாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். 1980 செப்டம்பரில் டெக்ஸாஸ்காரரான வில்லியம் பெர்க்ஸ்ட்ராம் என்பவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்றில் 7,77,000 டாலர். இன்னொன்று காலி. அவ்வளவையும் பகடை ஆட்டத்தில் ஒரே பந்தயமாக வைத்தார். சில உருட்டலில் ஜெயித்தார். காலிப் பெட்டியும் நிறைந்தது. எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

போனவர் போனவராக இருந்திருக்கலாம். 1984-ல் திரும்பி வந்தார். ஒரு தடவை மறுபடியும் ஜெயித்தார். அந்த வருஷ நவம்பரில் பத்து லட்சம் டாலரை வைத்தார். முதல் உருட்டலிலேயே அத்தனையும் போயிற்று. 1985 தொடக்கத்தில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பணம் போனதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சொந்த வாழ்க்கையிலும் அவருக்குத் துயரம் இருந்தது. ஆனாலும் அந்தக் காலிப் பெட்டியை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

பெட்டியோடு வருகிறவர்கள் விஷயத்தில் சர்க்காரும் விழித்துக்கொண்டது. ஒரே நாளில் பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் கொடுத்தால், இன்னார் என்று விடுதி எழுதி அனுப்பவேண்டும். 1985-ல் வந்த விதி.

சில்லு பணம் அல்ல என்பதற்கு ஒரு கதை. 2010 டிசம்பரில், தலைக்கவசம் அணிந்த ஒருவன் துப்பாக்கியோடு பெலாஜியோ விடுதிக்குள் நுழைந்து, சுமார் 15 லட்சம் டாலர் சில்லுகளை வாரிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான். விடுதி என்ன செய்தது தெரியுமோ? 25,000 டாலர் சில்லுகள் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு செல்லாது என்று அறிவித்துவிட்டது! விற்கப் பார்த்தபோது ஆள் அகப்பட்டான். நோட்டைத் திருடியிருந்தால் இப்படி விடுதியே செல்லாதாக்க முடியுமா?

மாமியின் கதைக்கு வருகிறேன். காப்பியோடு வந்த பிள்ளை விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாராம். அது மாமிக்கு நூறு டாலர் போனதைவிட வருத்தம். பிறகு அவரே இருபது டாலருக்குச் சில்லு வாங்கி, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடித் தோற்றார். கடைசியில் ஒரு டாலர் சில்லு ஒன்று மிஞ்சிற்று.

கைக்கடிகாரம்? ஊருக்குத் திரும்புமுன் நாட்டுப்பெண் தன் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். எதற்கு என்று கேட்கவில்லையாம். அந்த ஒற்றைச் சில்லு மட்டும் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்துக்கு அடியில் கிடக்கிறது.

"மாமா கண்ணில் பட்டால்?" என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டியை அவர் கல்யாணமானதிலிருந்து திறந்ததில்லை" என்றார் மாமி.